நாலாவது கிலோமீட்டர்

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மேல் நின்று அடையாற்றை நிதானமாக ரசித்திருக்கிறீர்களா? நான் ரசித்திருக்கிறேன். ஒரே மாதத்தில் ஆறு தடவை.

இயற்கை மேல் உள்ள காதலால் அல்ல. (அந்த இடத்து மணம் எப்பேர்ப்பட்ட காதலையும் மறுபரிசீலனைக்கு அனுப்பிவிடும்.) என் பைக்குக்கு அந்தப் பாலம் பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆலந்தூரில் வீட்டை விட்டுக் கிளம்பினால் கிண்டி வரை ராஜா மாதிரி வரும். சின்னமலை தாண்டியதும் முதலில் ஒரு விக்கல். அப்புறம் ஒரு இருமல். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 'நீ யாருப்பா?' என்கிற மாதிரி ஒரு மௌனம். பாலத்தின் மேல் கச்சிதமாக நின்றுவிடும். பின்னால் வரும் பஸ் டிரைவர் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்.

பத்து நிமிஷம் கழித்து உதைத்தால்? ஒரே கிக். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் அப்பா ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு வாங்கிய நூறு சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக். கம்பெனி பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்ததை ஒரு மாத விவகாரத்துக்காகச் சந்தி சிரிக்க வைப்பது பாவம். பதினைந்து வருஷம் முடிந்து, அதற்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. சின்ன வயசில் நான் அதன் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்துதான் ஸ்கூலுக்குப் போனேன். ஸ்கூல் பையை முன்னால் வைத்தால் அப்பா அதட்டுவார்: "பைய மூடி மேல வைக்காதடா!" பெயின்ட்டில் கீறல் விழும் என்று கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு முழங்கால் தகராறு வந்து அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு வண்டி என் கைக்கு வந்தது. அவர் அதைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

முதல் தடவை பாலத்தில் நின்றபோது வீட்டுக்குப் போன் பண்ணி, வர லேட்டாகும் என்றேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூடியத் திறந்து பாத்தியா?"

எனக்கு சுருக்கென்றது. பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காத மாக்கான் என்று நினைத்துவிட்டாரா? "காலையிலதாம்பா டாங்க் ஃபுல் பண்ணேன்!" என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தின் விலை ரூபாய் 2,960. எப்படி என்று சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். பி.காம். படித்தவனுக்கு இன்ஜின் என்பது டேலி ஆகாத டிரையல் பாலன்ஸ். வித்தியாசம் எங்கே என்று தெரியாதபோது தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். பைக் விஷயத்தில் என் சஸ்பென்ஸ் அக்கவுண்டின் பெயர் மெக்கானிக்.

முதல் மெக்கானிக், பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவர். அவரிடம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வண்டி குணமாகிவிட்டது. டாக்டரிடம் போனதும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. இருந்தாலும் வந்தவனைச் சும்மா அனுப்ப முடியுமா? பிளக்கைக் கழற்றினார். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. அது நல்ல நிறம் என்று எனக்கு இப்போது தெரியும். கன்னங்கரேல் என்று கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காப்பிக்கலர் என்றால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். அவர் அடுத்த வேலையாக புது பிளக் போட்டார். 130 ரூபாய்.

மறுநாள் பாலம்.

இரண்டாவது மெக்கானிக் கொஞ்சம் தத்துவவாதி. "வண்டில கோளாறே இல்ல சார். பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. அதான்" என்றார். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். டாங்க்குக்குள் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் எத்தனாலும் தண்ணீரும் கைகோர்த்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டாங்க்கிலிருந்து இன்ஜினுக்குச் சரக்கு போவது அடியிலிருந்துதானே! வண்டி தண்ணீரைக் குடித்துவிட்டு விக்கும். பழைய வண்டியின் ரப்பர் சாமான்களும் எத்தனாலில் ஊறி உப்பிப்போக வாய்ப்புண்டு.

ஆனால் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டியூபைப் பிடுங்கி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பார்க்கவேண்டியது. தண்ணீர் பிரிந்திருந்தால் அடியில் தனி அடுக்காகக் கோடு போட்ட மாதிரி தெரியும். (பிடிக்கும்போது இன்ஜின் ஆறியிருக்கவேண்டும். பக்கத்தில் 'என்னா சார் பிரச்னை?' என்று பீடியோடு வருகிற நண்பரைப் பத்தடி தள்ளியே நிறுத்தவேண்டும்.) பிடித்தோம். அடுக்கும் இல்லை, கோடும் இல்லை. தத்துவவாதி அசரவில்லை. புது டியூபும் ஃபில்டரும் மாட்டி 180 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள்? கரெக்ட்.

மூன்றாமவர்தான் கார்புரேட்டருக்குள் இறங்கினார். அவர் பிரித்து வைத்ததைப் பார்த்த பிறகுதான், இத்தனை வருஷமாக என் காலடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

கொசு மருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்ப் ஞாபகம் இருக்கிறதா? குழாய் வழியாகக் காற்று வேகமாக ஓடும். அந்த வேகத்தில் கீழே டப்பாவில் உள்ள மருந்து மேலே உறிஞ்சப்பட்டுப் புகையாகப் பறக்கும். கார்புரேட்டரும் அதேதான். ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்று இரண்டு பேர் 1893-ல் கார்புரேட்டருக்கு பேட்டன்ட் வாங்கினார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி குழாயால் ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை உதித்தது என்று ஒரு கதை உண்டு. நம் ஊரில் எத்தனையோ பேர் பூக்காரப் பெண்ணைப் பார்க்கிறோம். ஒருத்தருக்கும் கார்புரேட்டர் உதிக்கவில்லை.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன கிண்ணம். அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை: நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் பந்து மிதக்குமே, அதே ஐடியா. மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஒரு ஊசியால் வழியை அடைக்கும். ஊசியில் குப்பை மாட்டினால் வழி அடைபடாது, பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ரோட்டுக்கு ஒழுகும். (அவசரத்துக்கு ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை மெல்ல ஒரு தட்டு தட்டினால் சில சமயம் ஊசி சமாதானமாகும். ஆகாவிட்டால் காக்கை மூடிவிட்டு வண்டியைத் தள்ளுவதுதான் உத்தமம்.) கிண்ணத்திலிருந்து உறிஞ்ச இரண்டு ஜெட். வண்டி சும்மா நின்று ஓடும்போது ஸ்லோ ஜெட். விரட்டும்போது மெயின் ஜெட். ஸ்லோ ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

இந்த விவரம் தெரிந்தால் பாதி வைத்தியம் ஆனமாதிரி. சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, முறுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு. மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிக்கு இது கட்டாயம் வரும். கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மட்டும் மிஞ்சிவிடும். மாறாக ஐட்லிங் அருமையாக இருக்கிறது, ஆனால் நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது என்றால் மெயின் ஜெட்டைச் சந்தேகப்படலாம். ஐட்லிங் தானாக ஏறி இறங்கிக் கச்சேரி செய்தால், கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று புகுகிறது.

மூன்றாமவர் ஒரு பழைய பிரேக் ஒயரின் இழையை உருவி ஜெட்டுக்குள் குத்து குத்து என்று குத்தினார். நானும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அது மகா தப்பு. பித்தளை ஜெட்டின் ஓட்டை அதில் பெரிசாகிவிடும், மைலேஜ் போய்விடும். ஸ்ப்ரே அடித்துக் காற்றால் ஊதவேண்டும். அன்று தெரியவில்லை. 400 ரூபாய்.

மறுநாளும் பாலம்தான். கூடவே மைலேஜும் குறைந்தது.

நான்காமவர் பெட்ரோல் காக்கை மாற்றினார். 350 ரூபாய். டாங்க்கைக் காலி செய்து, அலசி, ஒரே ஒரு லிட்டர் ஊற்றிக் கொடுத்தார். என்ன ஆச்சர்யம்! வண்டி ராயப்பேட்டை வரைக்கும் போனது. திரும்பியும் வந்தது. மறுநாளும் அப்படியே. அந்த மகானைப் பற்றி ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரிடம் சொல்லி, போன் நம்பர் கூடக் கொடுத்துவிட்டேன். சந்தோஷத்தில் மூன்றாம் நாள் டாங்க்கை ஃபுல் பண்ணினேன்.

பாலம்! அன்று பஸ் டிரைவர் கையைக்கூட ஆட்டினார். பழகிவிட்டோம்.

கடைசி முயற்சியாகப் புது கார்புரேட்டர். ஒரிஜினல் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஃபூயல் இன்ஜெக்‌ஷன். என் வண்டி வயசுக்கு உதிரிபாகம் தேடுவது தாத்தாவுக்குப் பெண் பார்க்கிற மாதிரி. ஒரிஜினல் மாதிரியே இருந்த ஒன்றை வாங்கி மாட்டினேன். 1,900 ரூபாய். அதில் ஐட்லிங்கே நிற்கவில்லை. பாலத்துக்குப் பதில் ஆலந்தூர் சிக்னலிலேயே நின்றது. பழையதையே மறுபடி மாட்டச் சொன்னேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்: "வித்துடலாம்பா. ஞாயித்துக்கிழமை பழைய வண்டிக்காரர் வரேன்னிருக்கார். ஏழாயிரம் தரேங்கறார்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் வாசலில் வெளிச்சம் போட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு! எனக்கு என்னமோ செய்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை காலை அப்பா வந்து, "அந்த நோட்டக் குடு" என்றார்.

எந்த நோட்டு என்று கேட்கவில்லை. பி.காம். புத்தி; வண்டிக்கு நான் கணக்கு எழுதுவேன். தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய். இந்த ஒரு மாதமாக 'எங்கே நின்றது' என்று ஒரு காலம் கூடுதலாகப் போட்டிருந்தேன், துக்கத்தில். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடிட்டர் மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அரை மணி நேரம்.

"இதப் பாரு. ஃபுல் டாங்க் போட்ட அன்னிக்கெல்லாம் சைதாப்பேட்டை. பாதி இருந்தப்ப ரெண்டு தடவை தேனாம்பேட்டைல நின்னிருக்கு. ஒரு லிட்டர் இருந்தப்ப நிக்கவே இல்ல."

"அதனால?"

"பெட்ரோல் ஜாஸ்தியானா நிக்குது, கம்மியானா ஓடுது. உலகத்துல எந்த வண்டிடா அப்படி ஓடும்?"

எனக்கு இன்னும் விளங்கவில்லை. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எண்ணெய் டின்னுக்கு ரெண்டாவது ஓட்டை போடாத மாதிரின்னு சொல்லுங்க."

அப்பா சிரித்தார். எனக்கு அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது.

பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை உடைக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் மடக் மடக் என்று தயங்கி நிற்கும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் தாராளமாகக் கொட்டும். எண்ணெய் வெளியே வரவேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். பெட்ரோல் டாங்க்கும் அப்படியே. என் வண்டியில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் கனத்தால்தான் கீழே இறங்குகிறது. இறங்கின அளவுக்குக் காற்று புக டாங்க் மூடியில் ஒரு நுண்ணிய வழி வைத்திருப்பார்கள். அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் மாதிரி உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் விக்கல், இருமல், பாலம்.

டாங்க் நிறைய இருந்தால் மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். நாலு கிலோமீட்டருக்குச் செலவாகும் அறுபது எழுபது மில்லியே அதை இறுக்கிவிடப் போதும். டாங்க் காலியாக இருந்தால் காற்று ஏராளம். ரொம்ப தூரம் தாங்கும். பத்து நிமிஷம் நின்றால் இண்டு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். ஒரே கிக்! அதனால்தான் எந்த மெக்கானிக்குக்கும் நோய் தெரியவில்லை. அவர்கள் பார்த்தபோது நோயாளி தேறியிருந்தான். காக்கை மாற்றியவர் மகான் ஆனது ஒரு லிட்டர் மட்டும் ஊற்றிக் கொடுத்த புண்ணியத்தில்.

"நான்தான் அன்னிக்கே கேட்டேனே, மூடியத் திறந்து பாத்தியான்னு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை. பழைய வண்டிக்காரர் பத்து மணிக்கு வருகிறார். விற்கப்போகிற வண்டிக்கு ஏழு லிட்டர் போட்டு டாங்க்கை நிரப்பிய முதல் ஆசாமி நானாகத்தான் இருப்பேன். எழுநூறு ரூபாய்க்கு மேல் ஆனது, வயிறு எரிந்தது. அப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டார். மூட்டு வலி வந்ததிலிருந்து அவர் இந்த வண்டியில் ஏறி ரெண்டு வருஷம் ஆகிறது. கிண்டி. சின்னமலை. விக்கல். இருமல். வாழ்க்கையில் முதன்முறையாக, வண்டி நிற்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

பாலத்தின் மேல் நின்றது.

அப்பா இறங்கி, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சாவியைப் போட்டு மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்...

சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு பெருமூச்சு. ஆனால் வெளியே இல்லை, உள்ளே. முப்பது நாள் அடக்கிய மூச்சு! நொடிக்கணக்கில் காத்திருந்துவிட்டு உதைத்தேன். ஒரே கிக். பத்து நிமிஷம் இல்லை, பத்து செகண்ட்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தோம். சாவித் துவாரத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஏதோ உறைந்து, அடியில் இருந்த ஊசிமுனை ஓட்டை வரை அப்பியிருந்தது. அப்பா அதை நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார்.

"இது என்னடா, பாலிஷ் வாசனை அடிக்குது?"

ஒரு மாதத்துக்கு முன்னால், பைக்கை வாட்டர் வாஷ் பண்ணி, கூட நூறு ரூபாய் கொடுத்து 'பளபளன்னு பாலிஷ் போடுப்பா, மூடியெல்லாம் மின்னணும்' என்று சொன்னவன் யார் என்பதை நான் அந்த இடத்தில் வெளியிட விரும்பவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒரு குண்டூசியால் மெல்லக் கிளறினார். (ஜெட்டில் குத்தக்கூடாது, இது வெறும் காற்று வழி, பரவாயில்லை.) வாயை வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போயிற்று.

பத்து மணிக்குப் பழைய வண்டிக்காரர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். அப்பா ஒரு துணியில் சுற்றிய பொட்டலத்தை அவரிடம் நீட்டினார்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க. இதுல ஒரு கார்புரேட்டர் இருக்கு. ரெண்டு நாள்தான் மாட்டியிருந்தது. எடுத்துக்கிறீங்களா?"

முன்னூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். வரவு எழுதிவிட்டேன். பாலிஷ் செலவு நூறு ரூபாயை மட்டும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், இன்றுவரை சஸ்பென்ஸ் அக்கவுண்டிலேயே வைத்திருக்கிறேன்.